செம்பனைத் தூரழுகல்: மருந்துக்கு முன்னால் மண்ணைத் தோண்டுங்கள்

சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவை இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் நம்மவர்களுக்குத் தென்னமரம் தோட்டம் தெரியாமல் இருக்காது. 1917இல் ஹென்றி ஃபோக்கோனியே அங்கே நட்டதுதான் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைச் சாகுபடி. ஒரு நடவு இருபத்தைந்து ஆண்டு நிற்கும் என்று வைத்துக்கொண்டால், இந்த மாதிரிப் பழைய வட்டாரங்களில் சில நிலங்கள் மூன்று, நான்கு தலைமுறைச் செம்பனையைச் சுமந்துவிட்டன. ஐந்து ஏக்கரோ ஏழு ஏக்கரோ வாங்கி வைத்திருக்கும் குடும்பம் நிலத்தோடு சேர்த்து அதற்குள் புதைந்து கிடக்கும் பழைய தூர்களையும், அதாவது மரத்தின் அடிக்கட்டைகளையும், வாங்கியிருக்கிறது. மரத்தின் அடி அழுகிச் சாகும் தூரழுகல் நோய் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

நோயைக் கொண்டுவரும் பூஞ்சையின் பெயர் கானோடெர்மா போனினென்ஸ். 1930களிலேயே மலாயாவில் பதிவான நோய் இது. அன்று இருபத்தைந்து வயது தாண்டிய கிழட்டு மரங்களில்தான் பெரும்பாலும் தெரிந்தது. எப்படியும் வெட்டப்போகிற மரம் என்று விட்டுவிட்டார்கள். நடவின் மேல் நடவு வந்த பிறகு பத்து, பன்னிரண்டு வயது மரங்கள் சாயத் தொடங்கின. இப்போது நட்டு நான்கைந்து ஆண்டுகளில்கூட மரம் போகிறது. கானோடெர்மா மரக்கட்டையைத் தின்று வாழ்வது. மரத்துக்கு உறுதி தரும் லிக்னினையே சிதைக்கும். கட்டை கிடக்கும்வரை அதற்குச் சாப்பாடு உண்டு. சோற்றுப் பானை அளவு பழைய தூர் ஒன்று மண்ணுக்குள் கிடந்தால், புதுக் கன்றின் வேர் அதைத் தொட்டதுமே பூஞ்சை அந்த வேர் வழியாக ஏறிப் புதுமரத்தின் அடிக்கு வந்துவிடும். முன்பு தென்னை நின்ற நிலமும் இதே கதைதான். பாகான் டத்தோ, சபாக் பெர்ணம் பக்கத்துக் கடலோரக் களிமண்ணில் தென்னையை அழித்துச் செம்பனை வைத்தவர்களுக்கு இது தெரியும். ரப்பர் நின்ற நிலத்தில் முதல் நடவுக்கு ஆபத்து குறைவு.

எனவே ஒரு கருத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்த நோய்க்கென்று ஆயிரம் வெள்ளி ஒதுக்கினால், அதில் எண்ணூறு வெள்ளி மறுநடவின்போது பழைய தூரைத் தோண்டி எடுக்கப் போகட்டும். நிற்கும் மரத்துக்கு ஊற்றுகிற மருந்து அடுத்த நடவைக் காப்பாற்றாது.

தலையில் தெரிவதும் தூரில் தெரிவதும்

முதலில் குருத்தைப் பாருங்கள். நல்ல மரத்தின் உச்சியில் விரியாத குருத்து ஒன்று, சில நேரம் இரண்டு இருக்கும். நோய் பிடித்த மரத்தில் மூன்று, நான்கு குருத்துகள் விரியாமல் ஈட்டிபோல் நிற்கும். வேரும் அடித்தண்டும் தண்ணீர் ஏற்ற முடியாமல் தவிப்பதால் குருத்து விரிய வலு இல்லை. அடுத்து மட்டைகள் வெளிறும். பிறகு அடிமட்டைகள் தண்டோடு ஒட்டினாற்போல் மடிந்து, பாவாடை கட்டியதுபோல் தொங்கும். இதெல்லாம் தெரிகிற நேரத்தில் தூரின் உட்பகுதியில் ஏறக்குறைய பாதி செத்திருக்கும். இலையைப் பார்த்து நோயைப் பிடிப்பவர் எப்போதும் தாமதமாகவே பிடிக்கிறார்.

ஆகவே அடியைப் பார்க்க வேண்டும். மரத்தடியில் இருக்கும் பெரணி, புல், உதிர்ந்த மட்டைக் காம்புகள் எல்லாவற்றையும் பாராங் கத்தியால் விலக்குங்கள். மண்ணோடு ஒட்டிய இடத்திலிருந்து இடுப்பு உயரம்வரை தண்டைச் சுற்றி வந்து பாருங்கள். காளான் முதலில் வெள்ளைப் பொத்தான்போல் வரும். சட்டைப் பொத்தான் அளவுதான், கைபட்டால் ரப்பர்போல் இருக்கும். சில வாரங்களில் அது பக்கவாட்டில் விரிந்து தட்டாகும்: மேற்புறம் மெழுகு பூசியதுபோல் பளபளக்கும் செம்பழுப்பு, ஓரத்தில் வெள்ளை விளிம்பு, அடிப்புறம் வெள்ளை. அடிப்புறத்தை உற்றுப் பார்த்தால் ஊசி குத்தியதுபோல் நுண்துளைகள் தெரியும். முற்றிய காளானைச் சுற்றியுள்ள இலை, புல் மேல் காப்பித்தூள்போல் ஒரு பொடி படிந்திருக்கும். அதுதான் வித்து. காற்றில் போகும்.

காளான் இல்லை என்பதால் நோய் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. சில மரங்கள் காளான் காட்டாமலேயே சாயும். சந்தேகம் இருந்தால் கட்டை ஒன்றால் தூரைத் தட்டிப் பாருங்கள். நல்ல தூர் கனத்த ஒலி தரும். உள்ளே அழுகியது பொள்ளென்று ஒலிக்கும். பக்கத்தில் நிற்கும் நல்ல மரம் ஒன்றையும் தட்டி, இரண்டு ஒலியையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் காது பழகும். விழுந்த மரத்தின் தூரை வெட்டிப் பார்க்க வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள்: அழுகிய பகுதி வெளிர்பழுப்பாக உலர்ந்து, அதனுள் கருத்த கோடுகள் வளைந்து ஓடும்; நோயும் நல்ல பகுதியும் சந்திக்கும் எல்லையில் மஞ்சள் பட்டை ஒன்று இருக்கும். ஒருமுறை கண்ணால் பார்த்தவருக்கு அது மறக்காது.

இதே பூஞ்சை தண்டின் நடுவிலும் வரும்; மேல்தண்டு அழுகல் என்பார்கள். மரத்தின் தலை பச்சையாகவே இருக்கும், திடீரென்று நடுவில் முறியும். குலை வெட்டுபவர் அடியில் நிற்கும்போது முறிந்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே ஆளுயரத்துக்கு மேலும் கண்ணை ஓட்டுங்கள்.

கானோடெர்மா இல்லாதவை

தவறாக அடையாளம் கண்டு நல்ல மரத்தை வெட்டியவர்களும் உண்டு. பக்கத்தில் இருக்கும் நோய் மரத்தை விட்டுவிட்டு உரக்குறை என்று மூட்டை மூட்டையாகக் கொட்டியவர்களும் உண்டு. ஆகவே இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

வறட்சியில் குருத்துகள் சேர்ந்து நிற்கும். ஆனால் வறட்சி ஒரு மரத்தை மட்டும் பிடிக்காது. திடல் முழுக்க எல்லா மரங்களிலும் இரண்டு மூன்று குருத்து தெரியும், நல்ல மழை பெய்ததும் விரிந்துவிடும். தண்ணீர் தேங்கும் பள்ளத்திலும் இப்படியே. பாரிட்டை (வடிகாலை)த் தூர்வாரி நீர் வடிந்த பிறகு மறுபடி பாருங்கள். சுற்றியுள்ள மரங்கள் நன்றாக இருக்க, ஒற்றை மரமோ அடுத்தடுத்த இரண்டு மூன்று மரங்களோ மட்டும் இப்படி நின்றால் கானோடெர்மாவைச் சந்தேகிக்கலாம்.

மெக்னீசியம் குறைந்த மரத்தின் அடிமட்டைகள் ஆரஞ்சு கலந்த மஞ்சளாகும். பார்த்ததும் பதறத் தேவையில்லை. ஓர் இலையை எடுத்து, மேலிருந்த இலையின் நிழல் விழுந்த இடத்தைப் பாருங்கள். நிழல் பட்ட பகுதி பச்சையாகவும் வெயில் பட்ட பகுதி மஞ்சளாகவும் இருந்தால் அது மெக்னீசியக் குறை. அதற்குக் கீசரைட் உரம் போதும். இலை முழுக்க ஆரஞ்சுப் புள்ளிகள் தெரிந்தால் பொட்டாசியத்தை யோசியுங்கள். இரண்டிலும் தூர் கெட்டியாக இருக்கும்.

மின்னல் தாக்கிய இடத்தில் ஒரு மரத்தை நடுவில் வைத்து நாலைந்து மரங்கள் ஒரே நேரத்தில் வாடும். சில நாட்களிலேயே மட்டைகள் முறிந்து தொங்கும். தூரழுகல் அவ்வளவு வேகமாக ஒரு கூட்டத்தையே சாய்க்காது. விரிந்த மட்டையில் கத்தரியால் வெட்டியதுபோல் ஆங்கில வி வடிவ வெட்டு இருந்தால் அது காண்டாமிருக வண்டின் வேலை. கரிமண் (பீட்) நிலத்தில் மரம் சாய்ந்திருப்பது பெரும்பாலும் மண் இறங்கியதால். அங்கேயே குருத்தின் மேல் மண்தடம் தெரிந்தால் கரையான்.

செத்து விழுந்த தண்டின் மேல் வளரும் காளான் எல்லாமே கானோடெர்மா அல்ல. உயிருள்ள மரத்தின் தூரில் வளர்வதுதான் நமக்குக் கணக்கு.

இடையே ஒன்று சொல்ல வேண்டும். பளபளக்கும் இந்தக் காளானைப் பார்த்து, மருந்துக் கடையில் விற்கும் லிங்ஸி காளான் என்று எண்ணிப் பறித்துக் காய்ச்சிக் குடிக்காதீர்கள். குடும்பம் ஒன்றாக இருக்கலாம், இனம் வேறு. அது உண்ணத் தக்கதென்று யாரும் உறுதி சொல்லவில்லை. தோட்டத்து மரத்தடியில் களைக்கொல்லியும் உரமும் எத்தனை ஆண்டு விழுந்திருக்கும் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

கணக்கெடுப்பு

ஒன்பது மீட்டர் முக்கோண நடவில் ஏக்கருக்கு ஐம்பத்தேழு மரம்போல் நிற்கும். ஐந்து ஏக்கருக்கு இருநூற்று எண்பத்தைந்து. இருவர் ஒரு நாள் ஒதுக்கினால் எல்லா மரத்தடியையும் பார்த்துவிடலாம். தைப்பூசம் கழிந்த பிறகு ஒருமுறை, ஆடியில் ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு இரண்டு கணக்கு ஆகிவிடும், நாளும் மறக்காது.

ஒரு பெரிய தாளில் திடலின் படம் வரையுங்கள். வரிசைக்கு எழுத்து, மரத்துக்கு எண். மரத்தின் மேலும் பெயின்டால் அதே எண். ஒருவர் ஐந்தாறு மீட்டர் தள்ளி நின்று தலையைப் பார்ப்பார், மற்றவர் தூரைச் சுற்றுவார். இருவரும் ஒரே வேலையைச் செய்யாமல் பிரித்துக்கொண்டால் வேகமாகவும் போகும், தப்பும் குறையும். குறிகளைச் சிக்கலாக்காதீர்கள்: காளான் இருக்கிறது ஆனால் தலை நன்றாக இருக்கிறது என்றால் ஒரு கோடு, தலையிலும் அறிகுறி என்றால் இரண்டு கோடு, செத்தது, சாய்ந்தது, முறிந்தது பெருக்கல் குறி, சந்தேகம் மட்டும் இருந்தால் ஒரு புள்ளி, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்வை.

முக்கோண நடவில் ஒவ்வொரு மரத்துக்கும் ஆறு அண்டை மரங்கள். ஒரு மரத்தில் நோய் தெரிந்தால் அந்த ஆறையும் அன்றே மண்டியிட்டுப் பாருங்கள். குறிகள் படத்தில் கொத்துக்கொத்தாக விழுந்தால், அங்கே மண்ணுக்குள் பழைய தூர் கிடக்கிறது என்று பொருள் கொள்ளலாம். சிதறி விழுந்தால் காற்றில் வந்த வித்தும் பங்கு வகிக்கிறது. ஒரே திடலில் அடுத்தடுத்த மரங்களில் இருக்கும் பூஞ்சை வெவ்வேறு மரபினதாக இருப்பதை மரபணு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வேர் வழி மட்டுமே என்ற பழைய எண்ணம் அதனால்தான் மாறியது.

காளானைக் கண்ட இடத்தில் பறித்துவிட வேண்டும். வெள்ளைப் பொத்தானாக இருக்கும்போதே பறித்தால் வித்து பறக்காது. முற்றியதென்றால் முதலில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து மூடி, பிறகு வெட்டுங்கள்; இல்லையென்றால் வெட்டும் அதிர்விலேயே பொடி கொட்டும். பையைக் கட்டி வெயிலில் போட்டு நன்றாகக் காயவிடுங்கள். மட்டை வரிசைக்குள் தூக்கி எறிவது, பாரிட்டில் போடுவது எல்லாம் வேண்டாம். குப்பையோடு போட்டு எரிக்கலாமே என்று தோன்றும். திறந்தவெளியில் எரிப்பதை 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் தடுக்கிறது. பறித்ததால் மரம் குணமாகாது, உள்ளே இருக்கும் பூஞ்சை மறுபடி காளான் விடும். அடுத்த மரத்துக்குப் போகும் வித்தைக் குறைப்பதற்குத்தான் இந்த வேலை.

உறுதி செய்துகொள்ள வேண்டுமென்றால் மலேசியச் செம்பனை வாரியத்தின் துனாஸ் அதிகாரியைக் கேளுங்கள். சிறுதோட்டக்காரருக்கு வழிகாட்டுவதுதான் அவர்கள் வேலை. தண்டின் அடியில் துளைத்து எடுத்த தூளை, கானோடெர்மா மட்டும் வளரும்படி தயாரித்த ஊடகத்தில் வைத்து ஆய்வுக்கூடத்தில் பார்க்க முடியும். காளான் கண்ணுக்குத் தெரிகிற மரத்துக்கு அந்தச் செலவு தேவையே இல்லை.

நிற்கும் மரத்துக்குச் செய்யக் கூடியது

ஒரு கோட்டு மரங்களுக்கு மண் அணைப்பு பயன் தரும். தூரைச் சுற்றி ஒரு மீட்டர் அகலத்துக்கு, தண்டை ஒட்டி முக்கால் மீட்டர் உயரம் வரும்படி மண்ணைக் குவியுங்கள். சரிவாக இறங்கும் ஒரு குவியலுக்கு ஒன்றரை கன மீட்டருக்கு மேல் மண் பிடிக்கும். தள்ளுவண்டியில் இருபது, இருபத்தைந்து நடை. இதைக் கேட்டதும் பலர் அந்த மரத்தடியிலேயே மம்பட்டியால் வெட்டி இழுக்கிறார்கள். அது கெடுதல். உயிரோடு இருக்கும் கொஞ்ச நஞ்ச வேரையும் அறுத்துவிடும். பாரிட் தூர்வாரிய மண்ணையோ வேலியோரத்து மண்ணையோ கொண்டுவாருங்கள். அழுகிய வேர்த்துண்டு கலந்த மண் கூடாது.

அணைப்பு பூஞ்சையைக் கொல்வதில்லை. மண் பட்ட தண்டிலிருந்து புது வேர் விட்டு, மரத்துக்கு ஊன்றுகோலும் உணவும் கிடைக்கிறது. அதனால் இன்னும் சில ஆண்டு குலை வெட்டலாம், காற்றுக்கு விழாது. மழையில் மண் கரையும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றிவிடாவிட்டால் போட்ட உழைப்பு வீண்.

தண்டில் துளையிட்டு அழுத்தக் கருவியால் ஹெக்ஸாகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லியைச் செலுத்தும் முறையும் இங்கே ஆய்வில் சோதிக்கப்பட்டு நடைமுறைக்கு வந்திருக்கிறது. தலை பச்சையாக இருக்கும்போது செலுத்தினால் நோயின் வேகம் குறையும், மரத்தின் ஆயுள் கூடும். பாதித் தூர் போன பிறகு மருந்தை ஏற்றிச் செல்ல உயிருள்ள திசு இல்லை. இரண்டு கோட்டு மரத்துக்கு ஊசி போடுவது காசை மண்ணில் கொட்டுவதே. மருந்து வாங்கும்போது புட்டியில் பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவு எண்ணும், செம்பனைக்கு என்ற சொல்லும் இருக்கிறதா என்று பாருங்கள். அளவு லேபிளில் உள்ளபடி. அறுவடைக்கு விட வேண்டிய இடைவெளி நாட்களையும் அதிலேயே படித்துப் பின்பற்றுங்கள். குலை ஆலைக்குப் போகிறது, எண்ணெய் சமையலுக்குப் போகிறது.

எந்த மரத்தையும் முழுக்கக் குணமாக்கும் என்று சொல்லி வீட்டுக்கு வந்து விற்கும் திரவங்களை வாங்காதீர்கள். அப்படி ஒரு மருந்து இன்றுவரை இல்லை.

இரண்டு கோட்டு மரத்துக்கு உரம் போடுவதையும் நிறுத்திவிடலாம். வேர் இல்லாத மரம் உரத்தை எடுக்காது. அந்த உரத்தை அண்டையில் இருக்கும் நல்ல மரங்களுக்குக் கூட்டிப் போடுங்கள். ஒரு மரம் போனால் சுற்றியுள்ளவற்றுக்கு வெளிச்சம் கூடும், காய்ப்பும் ஓரளவு கூடும். ஆகவே திடலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போகும்வரை மொத்த விளைச்சல் பெரிதாக இறங்காது. பத்தில் ஒன்றுக்கு மேல் போகத் தொடங்கினால் இறங்கும். அப்போது மறுநடவைப் பற்றி யோசிக்க வேண்டும்.

பாதுகாப்புக்கு ஒரு வார்த்தை. தூர் அழுகிய மரம் காற்றே இல்லாமல்கூட வேரோடு சாயும். வீடு, கோயில், பள்ளிக்கூடப் பாதை, மின்கம்பி ஆகியவற்றின் மேல் விழக்கூடிய தூரத்தில் நிற்கும் இரண்டு கோட்டு மரத்தை, காய்த்தாலும் வைத்திருக்கக் கூடாது. மின்கம்பி அருகே இருந்தால் வெட்டும் முன் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். மழையும் காற்றும் அடிக்கும் நாளில் அந்த வரிசையில் குலை வெட்ட ஆள் அனுப்பாதீர்கள். ஆடுமாட்டை அந்த மரத்தில் கட்டாதீர்கள்.

எதை எப்போது எடுப்பது

எட்டு வயதுக்குக் கீழான மரத்தில் நோய் தெரிந்தால் தாமதிக்காமல் எடுத்துவிடுங்கள். இளமரம் அறிகுறி தெரிந்த ஆறு மாதத்திலிருந்து இரண்டு ஆண்டுக்குள் சாகும். வளர்ந்த மரம் இரண்டு மூன்று ஆண்டு இழுக்கும். வளர்ந்த மரத்தில் குலை வந்துகொண்டிருந்தால், மறுநடவுக்கு இரண்டு மூன்று ஆண்டுதான் இருக்கிறதென்றால், காளானைப் பறித்துக்கொண்டே வைத்திருப்பதில் தப்பில்லை. மறுநடவுக்குப் பத்து ஆண்டு இருக்கிறது, மரமோ காய்ப்பதை நிறுத்திவிட்டது என்றால் அதை நிற்கவிடுவது அடுத்த ஆறு மரத்துக்கும் விருந்து வைப்பது.

எடுக்கும் முறை:

1. பேக்கோ (மண்தோண்டும் இயந்திரம்) வாடகைக்கு வாங்குங்கள். ஒற்றை மரத்துக்கு வரவழைத்தால் கட்டுப்படியாகாது. பெருக்கல் குறி மரங்களும் இரண்டு கோட்டு மரங்களும் பத்துப் பன்னிரண்டு சேர்ந்த பிறகு ஒரே நாளில் முடியுங்கள்.

2. மரத்தைத் தள்ளிச் சாய்த்த பிறகு தூரைத் தோண்டி எடுக்கச் சொல்லுங்கள். குழி இரண்டு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம். ஓட்டுநர் மேலாகக் கிளறிவிட்டுப் போகப் பார்ப்பார். பக்கத்திலேயே நில்லுங்கள், கையில் அளவுகோல் இருக்கட்டும். மணிக்கணக்கில் கூலி பேசினால் அவருக்கு அவசரம் இராது.

3. தூரையும் தண்டின் அழுகிய பகுதியையும் பக்கெட்டின் விளிம்பால் நறுக்க வேண்டும். துண்டின் தடிமன் பத்துச் சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. மெல்லிய துண்டு காயும், சீக்கிரம் மட்கும், பூஞ்சைக்குத் தங்க இடம் இருக்காது. தடித்த துண்டு மண்ணுக்குள் போனால் அதுவே சிறிய தூர்.

4. துண்டுகளை வரிசைக்கு நடுவே ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். குவித்தால் அடியில் ஈரம் தங்கும். காண்டாமிருக வண்டு அதில் முட்டையிடும். ஒரு தொல்லையைத் தீர்க்கப் போய் இன்னொன்றை வளர்த்ததாகிவிடும்.

5. குழியிலிருந்து வெளிவந்த வேர்களை, விரல் தடிமனுக்கு மேல் இருப்பதையெல்லாம் பொறுக்கி மேலே போட்டுக் காயவிட்டு, வேர் இல்லாத மண்ணால் குழியை மூடுங்கள்.

அந்தக் காலியிடத்தில் கன்று வைக்கத் தோன்றும். வேண்டாம். சுற்றி வளர்ந்த மரங்களின் நிழலில் கன்று நெடிதாக வளருமே தவிரக் காய்க்காது. மிஞ்சிய வேரில் இருக்கும் பூஞ்சையும் முதலில் அதைத்தான் பிடிக்கும். நட்டு இரண்டு மூன்று ஆண்டுக்கு உட்பட்ட திடல் என்றால் மட்டும் இடம் மாற்றி நடலாம்.

நோய் மரத்தைச் சுற்றி அகழி வெட்டுவதும் பழைய வழக்கம். முக்கால் மீட்டர் ஆழத்துக்குக் குறைந்த அகழியின் அடியில் வேர் புகுந்து போகும். ஆழமாக வெட்டினாலும் மழையில் மண் சரிந்து மூடிக்கொள்ளும். ஆண்டுதோறும் வெட்டிக்கொண்டே இருக்க ஆள் இல்லையென்றால் அதைத் தொடவே வேண்டாம்.

மறுநடவு

தூரழுகலை உண்மையில் அடிக்க முடிகிற ஒரே நேரம் இது. இருபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். செலவைக் குறைக்க இரண்டு குறுக்குவழிகளைச் சொல்வார்கள். ஒன்று, பழைய மரத்துக்கு விஷம் செலுத்தி நின்றபடியே சாகவிடுவது. மற்றொன்று, பழைய மரங்களின் அடியிலேயே புதுக் கன்றை நட்டு, அது வளர வளர மேலே இருப்பதைக் கழிப்பது. இரண்டிலும் தூர் முழுசாக மண்ணுக்குள் மிஞ்சுகிறது. செத்த தூரைக் கானோடெர்மா ஆக்கிரமிப்பது உயிருள்ள தூரை ஆக்கிரமிப்பதைவிட எளிது. நோய் இருக்கும் நிலத்தில் இந்த இரண்டையும் செய்யாதீர்கள்.

எல்லா மரத்தையும் சாய்த்து, தண்டை நறுக்கிப் பரப்புங்கள். குறி விழுந்த மரங்களின் தூரை மேலே சொன்ன அளவில் தோண்டுங்கள். கையில் காசு இருந்தால் எல்லாத் தூரையும் எடுங்கள். நல்ல மரத்தின் தூரும் வெட்டிய பிறகு பூஞ்சைக்கு வீடாகக்கூடும். முடியாதென்றால் குறி மரமும் அதன் ஆறு அண்டை மரங்களும் கட்டாயம்.

பிறகு நிலத்தைக் காயப்போடுங்கள். ஓராண்டு விட்டால் நல்லது. அந்தக் காலத்தில் முக்குனா பிராக்டியேட்டா, புவேராரியா போன்ற மூடுபயிர்க் கொடியை விட்டால் துண்டுகளை மூடி மட்கவைக்கும், வண்டுக்கு இடம் கொடுக்காது, களையும் அடங்கும். வருமானம் இல்லாத ஓராண்டு என்பது குடும்பத்துக்குப் பாரம்தான். கிழங்கு, வாழை, சோளம் போட்டு அந்த ஆண்டை ஓட்டுபவர்கள் உண்டு. தூர் எடுத்த இடமாக இருந்தால் தாராளமாகச் செய்யலாம்.

புதுக் கன்றை எங்கே வைப்பது என்பதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. ஒன்பது மீட்டர் முக்கோணத்தில் இரண்டு பழைய தூர்களுக்கு நடுவே வைத்தால் தூரம் நாலரை மீட்டர். மூன்று பழைய தூர்கள் சேரும் முக்கோணத்தின் நட்டநடு மையத்தில் வைத்தால் மூன்றிலிருந்தும் ஐந்தேகால் மீட்டர்போல் தள்ளி இருக்கும். முளைக்குச்சி அடிக்கும் நாளில் ஒப்பந்தக்காரரிடம் இந்த மையத்தைக் கேட்டு வாங்குங்கள். முக்கால் மீட்டர் விலகல்தான் என்றாலும், வேர் பழைய தூரை எட்டுவதற்குள் மட்கும் காலம் கொஞ்சம் கூடுகிறது.

கன்றுகளில் கானோடெர்மாவைத் தாங்கும் வகை என்று விற்கிறார்கள். தாங்கும் என்றால் நோய் குறைவாக வரும், தாமதமாக வரும். வரவே வராது என்று பொருளில்லை. தூரை எடுக்காத நிலத்தில் அந்தக் கன்றுக்குக் கூடுதல் விலை கொடுப்பதைவிட, தூரை எடுத்துவிட்டுச் சாதாரணச் சான்றிதழ்க் கன்று வைப்பது மேல். இரண்டும் முடிந்தால் இரண்டும். செம்பனை வாரியம் ஹெண்டர்சோனியா என்ற நன்மைப் பூஞ்சையைக் கலந்து கானோ-ஈஎஃப் என்ற உயிர் உரத்தை உருவாக்கியிருக்கிறது. நாற்றுப் பையிலும் நடவுக் குழியிலும் இட வேண்டியது அது. வேருக்குள் முதலில் குடியேறி எதிரிக்கு இடம் கொடுக்காமல் செய்வதுதான் அதன் வழி. ஆகவே நடும்போது போட வேண்டும். நோய் வந்த மரத்தடியில் கொட்டிப் பயனில்லை. மூட்டையை வெயிலில் வைத்தால் உயிர் போய்விடும். அன்றைக்கு நடுவதற்கு வேண்டியதை மட்டும் திடலுக்குக் கொண்டுபோங்கள்.

நட்ட மூன்றாம் ஆண்டிலிருந்து கணக்கெடுப்பு மறுபடி தொடங்கும். முதல் சில கணக்கில் எதுவும் தெரியாது, ஆள் சலித்துப்போய் நிறுத்திவிடுவார். ஐந்தாம் ஆண்டில் வெள்ளைப் பொத்தான் வரும்போது பார்க்க யாரும் இருக்க மாட்டார்கள். பழைய திடலின் படத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நிலப் பத்திரத்தோடு வையுங்கள். அதில் குறி விழுந்த இடங்களுக்குப் பக்கத்தில் வரும் புதுமரங்களை முதலில் பாருங்கள். மறுநடவுக்கு மரம் சாய்க்கிற நாளிலும் அந்தப் படம் வேண்டும்: பேக்கோ வருவதற்கு முந்தின நாளே குறி மரங்களின் அடியில் சிவப்புத் துணி கட்டிய கம்பு நட்டுவிடுங்கள். எல்லா மரமும் விழுந்து கிடக்கும்போது எந்தத் தூர் எதுவென்று யாருக்கும் தெரியாது.